ஹேர்பின் லென்ஸ்

செப்டம்பர் 8, திங்கள்

இன்று நாற்பத்தேழு வீடு. முப்பத்தொன்றில் வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். ஒன்பதில் கதவே திறக்கவில்லை, உள்ளே சீரியல் சத்தம் மட்டும் கேட்டது. ஆறில் உள்ளே விட்டார்கள். மிச்சம் ஒரு வீட்டில் உட்காரச் சொல்லித் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார்கள். அந்த வீட்டு ஆளுக்குப் பாதிக் கிறுக்கு என்று தெருவில் பேச்சு.

நான் பேச்சியம்மாள். விலங்கியல் பட்டம், முதல் வகுப்பு. நகராட்சியில் ஒப்பந்த வேலை. டார்ச், கரண்டி, மருந்து பாட்டிலோடு வீடு வீடாகப் போய், தண்ணீர் தேங்கும் பாத்திரங்களில் டெங்கு கொசுவின் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டு, எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலும் பூஜ்யம். இந்த வேலைக்கு நகராட்சி வைத்த பெயர் ஒரு வரிக்கு நீளும். தெரு வைத்த பெயர் கொசுக்காரி.

இந்த டைரி ராபியா கொடுத்தது. என்னோடு ஜோடியாகப் போகிறவள். அவள் அண்ணன் மருந்துக் கம்பெனியில் ரெப். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் மூலத்துக்குப் போடும் ஒரு களிம்பின் விளம்பரம். என் வாழ்க்கையை எழுத இதைவிடப் பொருத்தமான தாள் கிடைக்காது.

செப்டம்பர் 14, ஞாயிறு

லென்ஸ் பற்றி எழுதிவைக்கிறேன். பழுதான டிவிடி பிளேயரைத் திறந்தால், தட்டைப் படிக்கும் இடத்தில் உளுந்து அளவுக்கு ஒரு லென்ஸ் இருக்கும். அதைப் பிடுங்கி ஹேர்பின் வளைவுக்குள் செருகி, போன் கேமரா மேல் டேப் போட்டு ஒட்டினால் எறும்புக்கு முகம் வந்துவிடும். பால் கவரைக் கழுவி வெட்டி டார்ச்சை மூடினால் வெளிச்சம் கண்ணில் குத்தாமல் பரவும். தொல்லை ஒன்றுதான். பூச்சிக்கு ஒரு விரல் அகலம் வரை போனைக் கொண்டுபோக வேண்டும். மூச்சு விட்டால் படம் கலங்கும், விடாவிட்டால் நான் கலங்குவேன்.

காலையில் பின்சுவரில் கட்டெறும்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா பல் விளக்கிக்கொண்டே வந்தாள். வீடு என்பது பெருமைக்கு. வீட்டுக்காரரின் மாடிவீட்டுக்குப் பின்னால் வரிசையாக நாலு அறை, நாலு குடும்பம். எங்களுக்கும் அக்காவுக்கும் இடையிலிருக்கிற சுவர் ஓடு வரை எட்டாது. அவள் தையல் மெஷின் ஓட்டுவது எங்கள் வீட்டில் கேட்கும். அம்மா பீடி சுற்றிக்கொண்டே இருமுவது அங்கே கேட்கும்.

"ஏட்டி பேச்சி, சுவத்துல ஒட்டிக்கிட்டு என்ன, முத்தமா குடுக்க?"

"எறும்புக்கா."

"எறும்புக்காவது குடு. மனுசனுக்குக் குடுத்து நான் கண்டது போதும்."

அக்கா புருசனை நாலு வருடத்துக்கு முன் அவன் துணிமூட்டையோடு வெளியே தள்ளியவள். அந்தக் கதையை வாரம் ஒருமுறை சொல்வாள். ஒவ்வொரு முறையும் மூட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது.

போனில் ஒரு குழுவில் இருக்கிறேன். பூச்சிப் படம் எடுப்பவர்கள். எல்லோரிடமும் கை நீளத்துக்கு லென்ஸ். கோயம்புத்தூர் பல் டாக்டர் ஒருவர் பட்டாம்பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரில் விறைக்கவிட்டு, பூவில் உட்கார்த்தி எடுக்கிறார். அதற்குக் கீழே 'இயற்கையின் அற்புதம்' என்று நூறு பேர். ஃபிரிட்ஜின் அற்புதம் என்று எழுதினேன். என் வரியை நீக்கிவிட்டார்கள். குழு ஒரு போட்டி அறிவித்திருக்கிறது. கடைசித் தேதி அக்டோபர் 15. பரிசு நிஜமான ஒரு மேக்ரோ லென்ஸ். நிபந்தனை: பூச்சி உயிரோடு, தன் இடத்தில், தன் போக்கில் இருக்க வேண்டும்.

பல் டாக்டர் கலந்துகொள்கிறாராம். நானும்.

செப்டம்பர் 19, வெள்ளி

வக்கீல் வீடு. கிரானைட் போட்ட வாசல். வக்கீல் வீட்டம்மா கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"இங்க எல்லாம் கிளீனா இருக்கும்மா. அந்தக் கடைசித் தெருவுக்குப் போங்க. சாக்கடைப் பக்கம் குடியிருக்காவல்லா, அங்கதான் கொசு உற்பத்தியே."

இந்த ஒரு வரிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு ரூபாய் வாங்கியிருந்தால் நானே அந்த லென்ஸை வாங்கியிருப்பேன். சாக்கடையில் வளர்வது வேறு கொசு. டெங்கு பரப்பும் கொசு சாக்கடைப் பக்கம் திரும்பாது. அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மூடாத தொட்டி. காலில் வெள்ளை வளையம் போட்டுக்கொண்டு பகலில் கடிக்கும். வசதியான வீட்டுப் பெண்போல. இதை நான் சொல்லாத வீடு இந்த வார்டில் இல்லை. கேட்ட வீடும் இல்லை.

ராபியா நல்ல வார்த்தை பேசி உள்ளே போய்விட்டாள். வரவேற்பறையில் கண்ணாடிக் குடுவையில் மணிபிளாண்ட். டார்ச் அடித்தால் நெளிநெளியாக இருபது புழு.

"அதெல்லாம் செடியோட வேரு" என்றார் வீட்டம்மா.

"வேரு நீந்தாதும்மா" என்றேன்.

அட்டையில் 1 என்று எழுதினேன். புழுவை மாதிரி பாட்டிலில் பிடித்து ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். அங்கே மருந்தை ஊற்றிக் கொன்று கணக்கு எழுதுவார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொசு தன் கூட்டை உடைத்துக்கொண்டு தண்ணீர் மேல் எழுந்து நிற்கிற படத்தை அந்தக் குழுவில் ஒருவரும் போட்டதில்லை. பல் டாக்டரின் ஃபிரிட்ஜில் அது நடக்காது.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஊறுகாய் பாட்டில் ஒன்றை மூன்று முறை கழுவிப் புழுவை அதில் மாற்றினேன். மூடி வேண்டும். காற்று போக வேண்டும், கொசு போகக் கூடாது. அக்காவிடம் போனேன்.

"பாவாடைக்குக் கீழ வைக்கிற நெட்டு இருக்கு. எதுக்குட்டி?"

"கொசு வளக்கேன்."

"ஊரு கொசுவ அழிக்கப் போறவ வீட்டுல கொசு வளக்கா. வெளங்கும்."

சொல்லிக்கொண்டே தைத்தாள். இரண்டு மடிப்பு நெட், சுற்றி எலாஸ்டிக், ஓரத்தில் மடித்துத் தையல். பாட்டில் கழுத்தில் மாட்டி இழுத்து விட்டாள். டப்பென்று பிடித்துக்கொண்டது.

"ஸ்டெல்லா தையல். யான குட்டியப் போட்டு மூடுனாலும் வெளிய வராது" என்றாள். கூலி வாங்கவில்லை. படம் வந்ததும் முதலில் தனக்குத்தான் காட்ட வேண்டுமாம்.

செப்டம்பர் 22, திங்கள்

எங்கள் வரிசைக்கு நானே ஆய்வாளர் என்பதால் எங்கள் வீட்டு அட்டையிலும் நானே கையெழுத்து. 0.

செப்டம்பர் 24, புதன்

கண்ணாடி வழியாக எடுத்தால் என் மூக்குதான் தெரிகிறது. மேலிருந்து எடுக்கலாம் என்றால் நெட் மறைக்கிறது. லென்ஸ் தண்ணீருக்கு ஒரு விரல் அகலம் வரை போயாக வேண்டும். நடுவில் ஒரு கீறல் போட்டால் போன் முனை நுழையும், எடுத்ததும் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

அக்காவின் கத்திரி எங்கள் வீட்டில்தான் கிடந்தது. வெட்டினேன். டேப் நன்றாக ஒட்டுகிறது.

அம்மா: "சாப்புடுத எடத்துல என்னட்டி எளவு இது? எல்லா வீட்டுலயும் போய்க் கொட்டச் சொல்லுதவ இங்க சேத்து வைக்கா."

இது வேறு என்றேன்.

செப்டம்பர் 27, சனி

பதினாலு கூட்டுப்புழு. மற்றவை செத்துவிட்டன. கூட்டுப்புழு பார்க்கக் கமா மாதிரி இருக்கிறது. சாப்பிடாது, தொட்டால் குட்டிக்கரணம் போடும். இனி ஒன்றிரண்டு நாள்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

மதியம் மூன்று பத்து. காலை ஆறரையிலிருந்து பாட்டில் முன் குந்தியிருந்தேன். சாப்பிடவில்லை. மழை வரும்போல ஒரே புழுக்கம், கை வேர்த்துப் போன் வழுக்கியது. திடீரென்று ஒரு கூடு நீண்டு அசையாமல் கிடந்தது. முதுகில் கோடு விழுந்தது. அந்தக் கோட்டிலிருந்து அது எழுந்து வந்தது. பறக்கவில்லை, ஏறவில்லை. நிமிர்ந்தது, அவ்வளவுதான். ஈரம் இல்லாத உடம்பு. பதக்கம் குத்தியதுபோல முதுகில் வெள்ளிக் கோடுகள். காலை ஒவ்வொன்றாக உருவியது. பிறகு தான் கழற்றிப்போட்ட தோல் மேலேயே நின்றது, படகில் நிற்பதுபோல. தண்ணீர் அந்தக் கால்களுக்குக் கீழே குழிந்து தாங்கியது.

இருநூற்றுப் பன்னிரண்டு படம். நூற்று முப்பத்தேழாவதில் எல்லாம் இருக்கிறது. கண்ணின் அறுகோணங்கள்கூட. இரண்டு நிமிடம் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. இந்த ஊரில் பிறந்து இருபத்து மூன்று வருடத்தில் இவ்வளவு அழகாக எதையும் பார்த்ததில்லை. அதை ஒரு கொசுவில் பார்த்தேன். என் யோக்கியதை அது.

அக்கா சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். வந்ததும் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

வேலை முடிந்து வந்து பார்த்தேன். எல்லாம் உடைந்துவிட்டன. தண்ணீரில் பதினாலு தோல். பாட்டிலுக்குள் கொசு ஒன்பது. டேப் ஈரத்தில் ஒரு ஓரம் எழும்பியிருந்தது. மீதி ஐந்தும் முழுகிச் செத்திருக்கும். தேடவில்லை. ஒன்பதையும் வெந்நீர் ஊற்றிக் கொன்று பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டேன்.

அட்டை: 0.

அக்டோபர் 2, வியாழன்

வீட்டுக்காரர் சங்கரபாண்டியனின் மகன் பூஜை லீவுக்குச் சென்னையிலிருந்து நேற்று வந்தான். வரும்போதே காய்ச்சல். சட்டை இல்லாமல் முற்றத்து நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறான்.

"ரத்தம் குடுத்துப் பாத்திரலாம் அண்ணாச்சி. கொசுவலைக்குள்ள படுக்கச் சொல்லுங்க" என்றேன்.

"ஒனக்கு மழ பேஞ்சாலும் டெங்கு, வெயில் அடிச்சாலும் டெங்கு. அது அலைச்சல் காய்ச்சல்."

போன வாரம் இவர் மாடித் தொட்டி மூடி உடைந்திருப்பதைக் காட்டினேன். 'இதுலருந்துதான் கொசு வருதுன்னு நிரூபிக்க முடியுமா?' என்று கேட்ட மனிதர். நிரூபிக்க முடியுமாம்! கொசு என்ன பிறப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டா கடிக்கிறது?

அக்டோபர் 5, ஞாயிறு

அக்காவுக்குப் படத்தைக் காட்டப் போனேன். தீபாவளித் துணி குவிந்து கிடந்தது. நாற்பது ரவிக்கையாம். மெஷினை மிதித்துக்கொண்டே காலைக் காலால் சொறிந்தாள்.

"பகல்லயே கடிக்குதுட்டி. ஒன் பிள்ளையோ என்னவோ."

சிரித்தேன். போனில் சார்ஜ் இல்லை, அப்புறம் காட்டுகிறேன் என்று வந்துவிட்டேன்.

நாற்பத்தெட்டு சதவீதம் இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

வீட்டுக்காரர் மகனுக்கு டெங்குதான். தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்து, தேறிச் சென்னைக்கும் போய்விட்டான். வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இத ஆபீஸ்ல எழுதிராத. நாலு வீடும் காலி பண்ணிட்டுப் போயிருவாவ" என்றார். ஒளித்து வைத்தே ஊரை அழிப்பவர்கள் இவர்கள்தான். முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுதவும் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

படத்தை அனுப்பிவிட்டேன். படிவத்தில் 'இயற்கைச் சூழலில் எடுக்கப்பட்டதா?' என்று ஒரு கட்டம். டிக் செய்தேன். எடுத்த இடம்: வக்கீல் வீட்டு மணிபிளாண்ட் குடுவை. அங்கே பிறந்ததுதானே. பல் டாக்டர் விறைக்க வைக்கிறார். நான் வளர்த்தேன். இரண்டும் ஒன்றா?

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அக்காவுக்குக் காய்ச்சல். நாற்பதாவது ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக் கொடுத்துவிட்டுப் படுத்தவள் எழவில்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஊசி ஏற்றுவதுபோல வலிக்கிறதாம்.

அக்டோபர் 21, செவ்வாய்

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு. ரத்தத் தட்டணு எழுபதாயிரம்.

எப்படி வராமல் இருக்கும்? தெருமுனைச் சாக்கடையை மூன்று மாதமாக யாராவது அள்ளினார்களா? கவுன்சிலர் காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறார். அந்தக் கறுப்புத் தண்ணீர் பக்கத்திலேயே மனுஷர் குடியிருந்தால் என்ன வரும்? இந்த ஊரையே அதில் முக்கி எடுக்க வேண்டும்.

ராபியாவிடம் இதையே கத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"சாக்கடையா? நீயா சொல்லுத?"

வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை போட்டேன். குழம்பில் உப்பு இல்லை என்று.

அக்டோபர் 24, வெள்ளி

தட்டணு முப்பத்தோராயிரம். ஈறில் ரத்தம் கசிகிறது. பார்க்கப் போனேன். வார்டு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். பார்வை நேரம் முடிய இன்னும் முக்கால் மணி இருந்தது.

ஒரு வீட்டில் டெங்கு வந்தால் சுற்றிலும் ஐம்பது வீடு பார்ப்பது முறை. சுகாதார ஆய்வாளர் தனுஷ்கோடி சாரே வந்தார். அக்காவின் பூட்டைத் திறந்தோம். இஸ்திரி போடும்போது தெளிக்க அவள் ஒரு மக்கில் தண்ணீர் வைத்திருப்பாள். அதில் புழு.

"இந்தா இருக்குல்லா. எழுது. கொசு உற்பத்தி ஆன எடம், நோயாளி வீடு. நோட்டீஸ ஒட்டு."

"சார், இது முட்டையவிட்டு வந்து ரெண்டு நாள்தான் இருக்கும். அக்கா படுத்து நாலு நாளாச்சு. இது கொசுவாகி அவளக் கடிச்சிருக்க முடியாது."

"எனக்கும் தெரியும்மா. மேல ஒரு எடம் கேப்பாவ. இது இல்லன்னா வேற எதுல வந்துச்சுன்னு நீ சொல்லு. மாத்திருதேன்."

ராபியா என்னைப் பார்த்தாள். ராபியாவுக்கு ஒன்றும் தெரியாது. சும்மாதான் பார்த்தாள்.

"தெரியல சார்" என்றேன்.

சிவப்புத் தாள். 'இவ்வீட்டில் டெங்கு கொசு உற்பத்தி கண்டறியப்பட்டது.' பசை தடவி ஒட்டியது நான்தான். வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தம்மாவ அப்பவே காலி பண்ணச் சொல்லிருக்கணும். ஒருத்தி செய்யுத அசிங்கத்துல எல்லாருக்கும் கெட்ட பேரு. ஆஸ்பத்திரில இருந்து வரட்டும், ஒரு வாரம் டைம் குடுக்கேன்" என்றார்.

இந்த ஆள் மகனுக்குத்தான் முதலில் வந்தது. கத்தியிருக்கலாம். ஆனால் அந்த நூலைப் பிடித்து இழுத்தால் அது மாடியோடு நிற்காது.

அக்டோபர் 25, சனி

பத்தொன்பதாயிரம். இரண்டு யூனிட் ஏற்றுகிறார்கள். எனக்கு ரத்தம் பொருந்தவில்லை. ராபியாவுக்குப் பொருந்தியது.

அக்டோபர் 26, ஞாயிறு

இந்த டைரியைத் திருப்பிப் படித்தேன். செப்டம்பர் 29-ஆம் தேதிப் பக்கம். பதினாலு தோல். கொசு ஒன்பது. தோலை உடைத்துக்கொண்டு வந்தது முழுகிச் செத்தால் பிணம் மிதக்கும். நான் பார்த்த தண்ணீரில் பிணம் இல்லை. அதை அன்றைக்கே பார்த்தேன்.

காலேஜில் படித்ததைக் கணக்குப் போடுகிறேன். 29-இல் வெளியே போனவை. அக்டோபர் 1-இல் காய்ச்சலோடு ஒருவன் முற்றத்தில் சட்டை இல்லாமல். அவனைக் கடித்தால் கிருமி கொசுவுக்குள் பெருகப் பத்து நாள். பிறகு ஓடு வரை எட்டாத சுவர். அந்தப் பக்கம் பகல் முழுதும் மெஷினை விட்டு எழாத இரண்டு கால். கடித்த நாலைந்து நாளில் காய்ச்சல். அக்டோபர் 20. ஒரு நாள்கூட இடிக்கவில்லை.

வீட்டுக்காரர் தொட்டியிலிருந்தும் வந்திருக்கலாம். எந்தக் கொசுவாகவும் இருக்கலாம். என் பாட்டில்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

இந்த வார்த்தையை நான் எங்கே கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்தின் அடியில் மூலக் களிம்பு விளம்பரம்: 'மறைக்காதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.' சிரிப்பு வந்தது. பிறகு நின்றது.

அக்டோபர் 28, செவ்வாய்

தட்டணு ஏறிவிட்டது. அறுபத்திரண்டாயிரம். அக்கா கஞ்சி குடித்தாள். இரும்புக் கட்டில், ஜன்னலோரம். பாதியாக வற்றியிருந்தாள். வாய் மட்டும் வற்றவில்லை.

"வா மகாராணி. ஒரு வாரம் கழிச்சு வழி தெரிஞ்சுதா? அந்த நர்சு புள்ள ஊசி குத்துதத பாத்தா, ஒன் கொசுவே தேவலன்னு இருக்கு."

போனை எடுத்து நூற்று முப்பத்தேழாவது படத்தைக் காட்டினேன். வாங்கினாள். விரலால் பெரிதாக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முதுகுல ஜரிகையா இது?"

"செதிலு."

"அம்சமாத்தான் இருக்கா, மூதேவி. எந்த வீட்டுல எடுத்த?"

"நம்ம வீட்டுல. நீ மூடி தச்ச பாட்டில்ல." நிறுத்தினால் அப்புறம் வராது என்று மொத்தமாகச் சொன்னேன். "பதினாலு இருந்துச்சுக்கா. ஒம்பதுதான் கெடச்சுது. அஞ்சு வெளிய போயிருச்சு. அப்பதான் மாடி வீட்டுப் பையன் காய்ச்சலோட கெடந்தான்."

அக்கா போனைத் தரவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ பேரப்பிள்ளைக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூடிய நான் நல்லாத்தானே தச்சேன்?"

"நல்லாத்தான் தச்ச. நான்தான் நடுவுல வெட்டுனேன். லென்ஸ் போறதுக்கு."

"எதால வெட்டுன?"

"ஒன் கத்திரி."

போனை மெத்தை மேல் வைத்தாள். அதைத் தள்ளவில்லை, எறியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"தெருவுல என்ன சொல்லுதாவ?" என்று சுவரிடம் கேட்டாள்.

"ஒன் வாசல்ல நோட்டீஸ் ஒட்டிருக்கு. ஒன் வீட்டுலதான் கொசுன்னு. வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லுதாரு."

"ஒட்டுனது யாரு?"

"நான்."

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 29, புதன்

காலை ஆறு மணிக்குச் சிவப்புத் தாளை ஈரத்துணி வைத்து ஊறவிட்டுக் கிழித்தேன். நன்றாக ஒட்டியிருந்தேன், சனியன், வர மாட்டேன் என்றது. எங்கள் கதவில் புதுத் தாள் ஒட்டினேன். எங்கள் அட்டையில் செப்டம்பர் 22, 29 பூஜ்யம் இரண்டையும் அடித்துவிட்டு 1, 1 என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஆபீஸ். அறிக்கையைத் தனுஷ்கோடி சார் மேஜையில் வைத்தேன். வீட்டுக்காரர் மகனின் காய்ச்சலையும் சேர்த்து எழுதியிருந்தேன். இரண்டு முறை படித்தார்.

"கிறுக்கியா நீ? யாரும் ஒன்னக் கேட்டாவளா?"

"நீங்க கேட்டிய சார். வேற எதுல வந்துச்சுன்னு சொல்லு, மாத்திருதேன்னு சொன்னிய."

"அது சும்மா பேச்சுக்குக் கேட்டதும்மா!" கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "கொசு ஒழிக்க ஆள் வச்சா, அது கொசு வளத்திருக்கு. பேப்பர்காரன் இத எப்படி எழுதுவான் தெரியுமா?"

"நல்லாத்தான் எழுதுவான் சார்."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். டார்ச், கரண்டி, மருந்து பாட்டில் மூன்றையும் ஒப்படைத்தேன். ஸ்டெல்லா அக்கா பெயரை அடித்து என் பெயரை எழுதும்வரை மேஜையை விட்டு நகரவில்லை. என்னைத் தொலைத்தால் போதும் என்றே எழுதினார்.

வீட்டுக்காரர் முற்றத்தில் காத்திருந்தார்.

"என் பையன் விசயத்த எழுதிட்டியாமே? நாளைக்கே வீட்டக் காலி பண்ணு."

"பண்ணுதேன் அண்ணாச்சி. அக்கா வாசல்ல இப்ப நோட்டீஸ் கெடையாது. அவள நீங்க ஒண்ணும் சொல்ல முடியாது. மாடித் தொட்டிக்கு மூடி போடுங்க. அடுத்து வாறவ என்ன மாதிரி வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டா."

அம்மா இரண்டு மணி நேரம் அழுதாள், திட்டினாள், பிறகு சாயங்காலம் அவரிடம் போய் அழுது ஒரு மாதத் தவணை வாங்கி வந்துவிட்டாள். அம்மாவின் அழுகை எந்த மனுவையும்விட வேகமாக வேலை செய்கிறது.

நவம்பர் 3, திங்கள்

அக்கா வீடு திரும்பினாள். ராபியாதான் ஆட்டோவில் கூட்டிவந்தாள். நான் ஜன்னலில் நின்றேன். அக்கா தன் கதவில் பசை காய்ந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு எங்கள் கதவில் இருந்த சிவப்புத் தாளை நின்று முழுதும் படித்தாள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

கத்திரியைக் கழுவித் துடைத்து அவள் ஜன்னல் திட்டில் வைத்தேன். மதியம் பார்த்தால் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

போட்டிக்காரர்களுக்கு எழுதியிருந்தேன். படம் வீட்டில், பாட்டிலில் வளர்த்து எடுத்தது. டிக் போட்டது பொய். பதில் வந்தது. முதல் பரிசுக்கு என் படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்களாம். நேர்மைக்குப் பாராட்டாம், தகுதி நீக்கமாம். இப்போது முதல் பரிசு பல் டாக்டருக்கு. பூவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பட்டாம்பூச்சி. இறகில் பனித்துளி. அந்தப் பனித்துளி ஃபிரிட்ஜின் எந்த அறையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எழுதுவதற்கு விரல் போனது. எந்த வாயை வைத்துக்கொண்டு எழுத?

படத்தைப் போனிலிருந்து அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. அது செய்த தப்பு ஒன்றும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

மெஷின் சத்தம் நாலு நாளாகக் கேட்கிறது. முதலில் அரைமணி நேரம், பிறகு நிற்கும். இன்று காலையிலிருந்து நிற்கவில்லை. கிறிஸ்மஸ் துணி வந்திருக்கும். அம்மா கொடுக்கும் ரசத்தை வாங்கிக்கொள்கிறாள். பாத்திரத்தை அம்மா கையில்தான் திருப்பித் தருகிறாள்.

பதினோரு மணிக்கு ராபியா வந்தாள். எங்கள் வரிசை இனி அவள் பொறுப்பு. முதலில் அக்கா வீடு. மக்கு, குடம், ஃபிரிட்ஜ் தட்டு எல்லாம் பார்க்கும் சத்தம் கேட்டது. மெஷின் நின்றது.

"எங்க வீட்ட ஏன் இந்தத் தேய் தேய்க்க?" அக்காவின் குரல். ராபியா ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருப்பாள். அவளுக்குக் கேட்க அவ்வளவு சத்தம் வேண்டியதில்லை. "பக்கத்து வீட்டப் போய் ஒழுங்காப் பாருட்டி. அங்க ஒருத்தி இருக்கா. கொசுவுக்குப் பால் குடுத்து வளப்பா. பாட்டிலு, டம்ளரு, அவ வாயி, எல்லாத்தையும் தொறந்து பாத்துட்டு எழுது."

"சரிக்கா" என்றாள் ராபியா. சிரிப்பை அடக்குவது சுவர் தாண்டித் தெரிந்தது.

"சும்மா பூஜ்யம் போட்டுட்டு வந்த, தொலச்சிருவேன்."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பதினாறு நாளைக்குப் பிறகு அக்கா என்னைப் பற்றிப் பேசியது இது. என்னிடம் பேசவில்லை. சுவர் ஓடு வரை எட்டாது என்பது அவளுக்குத் தெரியும்.

ராபியா வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றாள், பழக்கம். உள்ளே வரச் சொல்லி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். பிறகு நானே ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். குடம். பக்கெட். அம்மாவின் பீடி இலை ஊறும் சட்டி. சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் செம்பு. ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினேன். ராபியா எல்லாவற்றிலும் டார்ச் அடித்து, கரண்டி விட்டு, நிதானமாகப் பார்த்தாள். ஒருநாளும் எந்த வீட்டிலும் நாங்கள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அட்டையில் 0 போட்டாள். பக்கத்தில் அவள் கையெழுத்து.

"போட்டுட்டாளா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

ராபியா வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"போட்டுட்டாக்கா" என்றேன். "எல்லாத்தையும் தொறந்து பாத்துட்டுத்தான் போட்டா."

மெஷின் நிற்கவில்லை. நின்றிருந்தால் பயந்திருப்பேன்.